வரம்பும் வாய்க்காலும்: டி சோத்தோவின் உடைமைக் கொள்கை பற்றியதொரு மதிப்பீடு

பெரு நாட்டுப் பொருளியலறிஞரான ஹேர்னாந்தோ டி சோத்தோ 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மூலதனத்தின் மர்மம்' என்னும் நூல், வறிய நாடுகளின் காணிச் சட்டங்கள் பற்றி அண்மைக் காலத்தில் எழுந்த நூல்களுள் மிகப் பரந்த செல்வாக்கை அடைந்ததாகும். பல மொழிகளிற் பெயர்க்கப்பட்ட அந்நூலை ஆட்சியாளரும் சருவதேச நிதி நிறுவனத்தாரும் ஒருங்கே போற்றினர். அதன் துணிபை எளிதிற் கூறிவிடலாம். வறிய நாட்டு மக்கள் பொருளற்றவரல்லர். அவர்பால் வீடு உண்டு, நிலம் உண்டு, சிறு தொழில் உண்டு. ஆயின், அவ்வுடைமைகளுக்குச் சட்டம் ஏற்கும் உறுதிப் பத்திரம் இல்லை. உறுதி இன்மையால் அவற்றை ஈடு வைத்துக் கடன் பெறுதலும், அறிமுகமில்லாதார்க்கு விற்றலும், பங்குகளாக்கி முதலீடு செய்தலும் இயலாவாயின. ஆகவே அவை உயிரற்ற முதலாய்க் கிடக்கின்றன. அவ்வாறு கிடக்கும் நிலபுலங்களினதும் கட்டடங்களினதும் பெறுமதி 9.3 இலட்சம் கோடி அமெரிக்க டொலர் என்பது அவர் கணக்கு. அவற்றை அளந்து, பதிந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளனைக் காட்டி, பத்திரம் வழங்கிவிட்டால் வறுமையின் முதுகெலும்பு முறிந்துவிடும் என்பது நூலின் நம்பிக்கை.

இந்நம்பிக்கையை முற்றாகத் தள்ளிவிடுவோர் அதன் ஆசிரியருக்கு நீதி செய்தவராகார். லீமா நகரின் புறத்தே மணல்மேடுகளிற் குடியேறிய மக்களிடையே நின்று டி சோத்தோ கண்டவை மெய்யானவை. அரச நிலத்தில் வீடு கட்டுவதற்குச் சட்டப்படி அனுமதி பெற முயன்றால் 52 அலுவலகங்களில் 207 படிகளைக் கடக்க வேண்டும் என்றும், அதற்கு 6 ஆண்டும் 11 மாதமும் ஆகும் என்றும் அவருடைய குழுவினர் எண்ணிக் காட்டினர். ஒரே ஒரு தொழிலாளியைக் கொண்ட சிறு தையற்சாலையைப் பதிவு செய்ய 289 நாள் சென்றது. ஏழைகள் சட்டத்தை மதியாதவர் என்று குறை கூறிவந்தோர்க்கு, சட்டமே ஏழைகளை மதிக்கவில்லை என்று எண்களைக் கொண்டு விடையிறுத்தது அவர் செய்த பெருந்தொண்டு.

அவர் கொள்கை நடைமுறையிற் சோதிக்கப்பட்டதும் உண்டு. பெருவில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்கீழ் 12 இலட்சத்துக்கு மேற்பட்ட நகர்ப்புறக் குடும்பங்கள் உறுதி பெற்றன. அதனை ஆராய்ந்த எரிக்கா ஃபீல்ட் என்னும் பொருளியலறிஞர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபு சுவையானது. உறுதி பெற்றவர் வீட்டுக்கு வெளியே சென்று உழைக்கும் நேரம் கூடிற்று. அதுகாறும் வீட்டையும் நிலத்தையும் பிறர் கவர்ந்துவிடாதபடி யாரேனும் ஒருவர் வீட்டிற் காவலிருக்க நேர்ந்தது. பத்திரம் வந்தபின் அக்காவல் வேண்டாவாயிற்று. ஆனால், கொள்கையின் உயிர்நிலையாகிய வங்கிக் கடன் எதிர்பார்த்தபடி பெருகவில்லை. தனியார் வங்கிகள் உறுதி கண்டு மனமிரங்கியதாகத் தெரியவில்லை. ஆர்ஜென்டீனாவின் புவனோஸ் அயரிஸ் நகர்ப்புறத்தில் நிகழ்ந்த ஆய்வும் ஏறத்தாழ இதனையே கண்டது: வீடுகள் சீர்பெற்றன, பிள்ளைகளின் கல்வி உயர்ந்தது, கடன் மட்டும் பெருகவில்லை. கடன் கேட்பவனின் மாதச் சம்பளத்தை நோக்கும் வங்கிக்காரன் அவன் வளவின் எல்லையை நோக்குவதில்லை போலும்.

எனவே, நகரத்து வீட்டுக் காணியைப் பொறுத்தவரை டி சோத்தோவின் வழக்குப் பாதி வென்றது எனலாம். ஆயின் அவர் வீட்டுக் காணியோடு நின்றாரல்லர். வயலையும் வளவையும் ஒரே வாய்பாட்டால் அளந்தார். வளவு என்பது தன் வேலிக்குள் நிறைவு பெறும் பொருள். வயலோ அத்தகையதன்று, அதன் வாழ்வு அதன் வரம்புக்கு வெளியேயிருந்து வருகிறது. நூல் முழுவதிலும் நீருக்கென ஓர் அதிகாரம் இல்லை என்பது தற்செயலான குறையன்று. நிலத்தைத் தனித்தனித் துண்டாகக் காணும் கண்ணுக்குத் துண்டுகளினூடே ஓடுவது தென்படாமற் போவது இயல்பே.

இதற்குச் சான்று வேறெங்கும் தேடவேண்டாம்; அவர் நூலிலேயே உண்டு. இந்தோனேசிய அமைச்சர் சிலர், சட்டத்துக்குப் புறம்பாய் வாழும் மக்களுள் எந்நிலம் எவருடையது என்று அறிவது எங்ஙனம் என அவரை வினவினராம். அவர் பாலித் தீவின் நெல் வயல்களினூடே உலாவிய அனுபவத்தை விடையாகக் கூறுகிறார். ஒருவர் வயலிலிருந்து மற்றொருவர் வயலுள் அடிவைத்த போதெல்லாம் வேறொரு நாய் குரைத்ததாம். நாய்களுக்கு எல்லை தெரிந்திருந்தது; ஆதலின் நாய்களின் குரலுக்குச் செவிசாய்த்து அவ்வெல்லைகளைப் பதிந்து கொள்ளுங்கள் என்றார். அமைச்சருள் ஒருவர் அதன் பொருளை உணர்ந்து, 'அதாத்' எனப்படும் தம் மக்களின் வழக்காற்றுச் சட்டத்தை நினைவுகூர்ந்தார். நூலைப் படித்தவர் எவரும் மறவாத இடம் இது. மேடைகளிற் பன்முறை எடுத்துரைக்கப்பட்ட கதையும் இதுவே.

கதை அழகியது. ஆயின் அது நிகழ்ந்த இடத்தை ஊன்றி நோக்கின் கொள்கையே ஆட்டங்காண்கிறது. பாலியின் வயல்கள் தனியாருக்கு உரியவை என்பது உண்மை, நாய்கள் பொய்யுரைக்கவில்லை. ஆனால் அவ்வயல்களை வயல்களாக்குவது வரம்பன்று, அவற்றின்மேற் படிப்படியாய் இறங்கும் நீர். அந்நீரின்மேல் எந்த நாயும் குரைப்பதில்லை.

பாலியில் ஒரே நீர்த்தலையிலிருந்து பாசனம் பெறும் வயல்காரர் யாவரும் 'சுபாக்' என்னும் ஒரு கூட்டத்தைச் சார்ந்தவர். இச்சொல் கி.பி. 1071ஆம் ஆண்டுச் சாசனத்திலேயே காணப்படுகின்றது. சுபாக்கின் உறுப்புரிமையை நிருணயிப்பது குடியிருக்கும் ஊர் அன்று, வயலுக்கு வரும் நீரே. ஆற்றின் அணையிலிருந்து குடைந்த சுரங்கங்களினூடே வரும் நீர், குறித்த அகலத்தில் வெட்டப்பட்ட வாய்களையுடைய பகிர்விடங்களிற் பங்குபங்காகப் பிரிகின்றது. ஆறு பெருகினும் வற்றினும் பங்கின் விகிதம் மாறாது. நட்டம் வந்தால் யாவர்க்கும் விகிதப்படி நட்டம். ஒவ்வோர் அணைக்கும் ஒரு சிறு கோயில். ஒவ்வொரு சுபாக்குக்கும் ஒரு கோயில். பல சுபாக்குகள் கூடி முடிபெடுக்கும் இடமாக ஒரு பெருங்கோயில். யாவற்றுக்கும் மேலாக, எரிமலை வாயில் அமைந்த ஏரியின் தேவியான தேவி தானு உறையும் பாத்தூர்க் கோயில். அத்தீவினர் தம் சமயத்தை 'ஆகம தீர்த்த' என்று அழைப்பதுண்டு. அவ்விரு சொற்களும் சைவ மக்களுக்கு விளக்கம் வேண்டாதன.

இக்கோயில்கள் வழிபாட்டுக்கு மட்டும் உரியவை என்று எண்ணிய பொறியியலாளர், அவற்றைப் பாசனத்தோடு தொடர்பற்றவையாக ஒதுக்கினர். அமெரிக்க மானிடவியலறிஞர் ஸ்டீபன் லான்சிங் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, அக்கருத்தைத் தலைகீழாக்கிற்று. இக்கோயில்களிற் கூடும் வயல்காரர் தீர்மானிப்பது எந்தச் சுபாக் எப்போது நடுவது, எப்போது வயலை வெறிதே விடுவது என்பதை. ஓர் ஆற்றின் மேற்புறத்தார் யாவரும் ஒரே காலத்தில் நட்டு ஒரே காலத்தில் அறுப்பராயின், அவ்விடைவெளியில் எலிக்கும் தத்துப்பூச்சிக்கும் உணவில்லை. பெரும்பரப்பு வெறிதாய்க் கிடப்பதால் அவை அழிந்துபோகும். ஆனால் யாவரும் ஒரே காலத்தில் நட்டால் ஆற்று நீர் போதாது. நீரைப் பகிர வேண்டுமாயின் நடுகையைப் பகிர்ந்து நடத்தல் வேண்டும். பூச்சியை அடக்க வேண்டுமாயின் ஒன்றாய் நடுதல் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே தகுந்த அளவைக் கண்டுகொள்வதே கோயிற் கூட்டத்தின் தொழில்.

மேல்வாய்க்காற்காரன் கீழ்வாய்க்காற்காரனுக்கு ஏன் நீர்விட வேண்டும் என்ற வினாவுக்கும் இதிலேயே விடையுண்டு. தலைவாயில் இருப்பவன் நீருக்காகக் கீழேயுள்ளவனை அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் அவன் பூச்சியை அஞ்சுகிறான். கீழேயுள்ளவன் நீரின்றிக் காலந்தவறி நட்டால் பூச்சி அங்கே வளர்ந்து மேலே ஏறும். ஆதலின் மேலோன் நீர் தருகிறான். கீழோன் காலத்தோடு நடுகிறான். அறவுரையால் மட்டும் நிலைபெற்ற ஒழுங்கன்று இது. ஒருவருக்கொருவர் தீங்கு செய்யும் ஆற்றல் இருபாலாரிடமும் இருத்தலே அதன் அத்திவாரம். லான்சிங்கும் ஜேம்ஸ் கிறெமர் என்னும் சூழலியலறிஞரும் ஓஸ், பெத்தானு என்னும் இரு ஆறுகளின் 172 சுபாக்குகளைக் கணினியில் உருவகித்து நோக்கினர். சுபாக் ஒவ்வொன்றும் தன்விருப்பாய் நட்டால் பூச்சி மிகுந்தது. யாவும் ஒருங்கே நட்டால் நீர் குறைந்தது. கோயில்கள் வகுத்த தொகுதியளவில் நட்டபோதே விளைவு உச்சத்தை எட்டியது.

இவ்வுண்மை வெளிப்படுதற்கு முன்பே பாலி அதன் விலையைக் கொடுத்திருந்தது. 1970களில் 'பசுமைப் புரட்சி'யின் பெயரால், ஒவ்வொரு வயற்காரனும் கோயில் நாட்காட்டியைக் கைவிட்டு ஆண்டு முழுவதும் இடைவிடாது புதிய இன நெல்லை நடுமாறு ஊக்கப்பட்டான். அரசாங்கத்தின் கணக்கில் அவன் தன் நிலத்துக்குத் தானே தலைவன். முதலிற் களஞ்சியம் நிறைந்தது. பின்னர் கபில நிறத் தத்தி வந்தது; அதனை எதிர்க்கும் நெல்லினம் வந்தபோது வேறொரு நோய் வந்தது; பூச்சிகொல்லி பெருகிற்று; நீர்முறையும் குழம்பிற்று. 1979ஆம் ஆண்டு தொடங்கிய பெரும் பாசனத் திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு, விகிதப் பகிர்விடங்களை நீக்கித் திருகிக் கூட்டிக் குறைக்கும் இரும்புக் கதவுகளை அமைத்தது. வயல்காரர் பல இடங்களில் அவற்றைப் பயன்படுத்த மறுத்தனர். காரணம் வெளிப்படை. வெட்டுவாயின் அகலத்தை ஒரு சிறுவனும் கண்ணாற் கண்டு நியாயம் அறிவான். கதவைத் திருகுபவனை இரவெல்லாம் காத்திருந்து கண்காணித்தல் யாரால் இயலும்? ஈற்றில் வங்கியின் மதிப்பீடே கோயில் ஒழுங்கின் பயனை ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் சுபாக் நிலப்பரப்பை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. பட்டியலிற் சேர்வதற்கு முன்னும் பின்னும் வயல்கள் உல்லாச விடுதிகளுக்கு விற்பனையாவது தொடர்ந்தது என்பது வேறு கதை. இல்லை, வேறு கதையன்று. இதே கதையின் மறுபக்கம். விற்பவனிடம் குற்றமற்ற உறுதி இருந்தது; வாங்குபவனிடமும் இருந்தது. வாய்க்கால் துப்புரவாக்கும் கடமையும், கோயிற் கூட்டத்தின் முடிபுக்கு அடங்கும் கடமையும் அவ்வுறுதியில் எழுதப்படவில்லை. விடுதியின் மதில் எழுந்த இடத்துக்குக் கீழே இருந்த வயலுக்கு நீர் செல்லும் வழி மட்டும் அடைபட்டது.

பாலியின் நிலை அதன் சமயத்தால் நேர்ந்த தனிவிதி என்று கருதுவார் இருக்கலாம். அவர்கள் கோயிலோடு தொடர்பில்லாத ஒரு குளத்தின் கதையையும் நோக்கற்பாலர். கேம்பிரிட்ஜ் அறிஞர் எட்மண்ட் லீச் 1954ஆம் ஆண்டில் இலங்கையின் வடமத்திய மாகாணத்துப் புல் எலிய என்னும் சிற்றூரில் தங்கி ஆராய்ந்து, 1961ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வூர்ச் சிங்களக் கமக்காரர் தம் வயலுரிமையைக் குறிக்கும் சொல் 'பங்கு' என்பது. தமிழர் வாயில் வழங்கும் அதே சொல், அதே பொருளில். பங்கு என்பது இன்ன எல்லையுள் அமைந்த இன்ன துண்டு என்பதன்று. குளத்து நீரில் இத்துணைப் பகுதி, அதற்கு ஈடான நிலம், அதற்கு ஈடான உழைப்பு என்னும் மூன்றும் ஒன்றாய்க் கட்டிய கட்டு. நீர் முந்திப் பாயும் மேல்வயலிலும் பிந்திப் பாயும் கீழ்வயலிலும் பங்காளர்க்குக் கீற்றுகள் பகிரப்பட்டிருந்தன. நற்பேறும் இடுக்கணும் ஒருவருக்கே வந்துசேராமற் காக்கும் ஏற்பாடு அது. வாய்க்காலின் குறுக்கே, பங்குக்கேற்ப வெட்டுவாய்கள் செதுக்கிய ஒரு மரக்கட்டை. அக்கட்டையின் முன்னால் ஏமாற்று இயலாது.

இவ்வூர்களின் ஒழுங்கிலே மிக வியக்கத்தக்கது மழை பொய்த்த ஆண்டில் நிகழ்வது. குளத்து நீர் வயல் முழுவதற்கும் போதாதெனக் கண்டால் பங்காளர் கூடி 'பெத்ம' என்னும் முறையைக் கையாள்வர். குளத்தை அண்டிய மேற்பகுதியை மட்டும் விதைப்பது என்று முடிவாகும். அப்பகுதியின் உறுதிப்படி உரிமையாளர் யாராயினும் ஆகுக. அவ்வொரு போகத்துக்கு அது பங்காளர் யாவர்க்கும் அவரவர் பங்கின் விகிதப்படி பிரிக்கப்படும். கடைமடையில் மட்டும் நிலமுடையவனும் அப்போகத்தில் தலைமடையில் உழுவான். போகம் முடிந்ததும் பழைய எல்லைகள் மீளும். யாரும் யாருக்கும் எதனையும் விற்றிலர்; யாரும் எதனையும் இழந்திலர்.

இப்போது இத்தலைமடைத் துண்டை டி சோத்தோவின் கைகளிற் கொடுத்துப் பார்க்கலாம். அளவையாளர் வந்து அளப்பார். பதிவேட்டில் ஒரே பெயர் ஏறும். அப்பெயருடையவன் துண்டை வங்கியில் ஈடு வைத்துக் கடன் பெறுவான். மறு ஆண்டு மழை பொய்க்கும். ஈடு வாங்கிய வங்கிக்குப் பெத்ம முறை தெரியாது. அதன் பத்திரத்தின்படி அயலான் அந்நிலத்துட் கலப்பையோடு புகுவது அத்துமீறல். கடைமடையான் அவ்வாண்டு பட்டினி கிடப்பான், அல்லது தன் துண்டை விற்பான். உயிரற்ற முதல் உயிர்பெற்றது என்று கணக்குப் புத்தகம் கூறும். வறட்சிக்கு எதிரான காப்புறுதி ஒன்று செத்தது என்பதை எழுத அப்புத்தகத்தில் நிரல் இல்லை. பெருவின் மலைநாட்டிலேயே, ஹுவைனாகோத்தஸ் போன்ற ஊர்களில், யாவர்க்கும் ஒரே இடைவெளியில் முறைவைத்து நீர்பாய்ச்சும் பண்டை ஒழுங்கு உண்டு. லீமாவின் மணல்மேடுகளை அத்துணை நுணுகி நோக்கிய ஆசிரியர் தம் நாட்டு மலைகளின்மேல் ஏறிப் பார்க்கவில்லை என்பதே இந்நூல் பற்றிய மிகக் கடுமையான குற்றச்சாட்டாகும்.

இக்குறையின் வேர் 'உடைமை' என்னும் சொல்லை அவர் கையாளும் முறையில் இருக்கின்றது. எலினோர் ஒஸ்ட்ரோமும் எடெல்லா ஷ்லாகரும் 1992ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் உடைமையை ஐந்து உரிமைகளாகப் பகுத்தனர்: புகும் உரிமை, எடுக்கும் உரிமை, முறைசெய்து ஆளும் உரிமை, பிறரை விலக்கும் உரிமை, பராதீனம் செய்யும் உரிமை. இவற்றுட் சில ஒருவனிடமும் பிற ஊரிடமும் இருத்தல் கூடும். டி சோத்தோவின் உறுதி ஐந்தையும் ஒருவன் கையில் திணித்து, அவற்றுள்ளும் ஐந்தாவதையே தலையாயதாக மதிக்கின்றது. விற்கவும் ஈடுவைக்கவும் இயலாத உரிமை அவர் அகராதியில் அரைகுறை உரிமை. யாழ்ப்பாணத்துத் தேசவழமை அவ்வாறு கருதவில்லை. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் எழுதித் தொகுத்த அவ்வழக்காற்றில், காணி விற்பவன் முதலில் தன் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் அறிவித்தல் வேண்டும். ஒருவன் விற்றலால் மற்றவன் வாழ்வு தட்டழியும் என்பதை அறிந்தவர் கண்ட விதி அது.

நீரையும் நிலம்போல் உறுதி எழுதி விற்றால் யாது விளையும்? இவ்வினா ஊகத்துக்கு உரியதன்று. சில்லி நாடு அதனைச் செய்து காட்டிவிட்டது. பினோசே ஆட்சியின் 1981ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் நீருரிமையை நிலத்திலிருந்து பிரித்து, விற்கவும் வாங்கவும் ஈடுவைக்கவும் தக்க தனியுடைமையாக்கிற்று. உரிமைகள் விலையின்றியும் கால எல்லையின்றியும் வழங்கப்பட்டன. எடுத்த நீரைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்ற கட்டுப்பாடும் இல்லை. பயன்படுத்தாத உரிமைக்குக் கட்டணம் விதிக்கும் திருத்தம் 2005ஆம் ஆண்டிலேயே வந்தது. இடைக்காலத்தில் முன்னறிந்தவரும் பொருள் வலியுடையவரும் தாளில் ஆறுகளைச் சேர்த்துக்கொண்டனர். பெத்தோர்க்கா பள்ளத்தாக்கிலே மலைச்சரிவெங்கும் ஏற்றுமதிக்கான ஆனைக்கொய்யாத் தோட்டங்கள் பச்சையாய் நிற்க, கீழேயுள்ள குடிகள் குடிநீருக்குப் பவுசர் வண்டியை எதிர்நோக்கினர். குடிநீருக்கு முதலிடம் அளித்து, புதிய உரிமைகளைக் கால எல்லைக்கு உட்படுத்தும் திருத்தம் 2022ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. ஏற்கனவே வழங்கப்பட்டவையோ பெரும்பாலும் வழங்கியபடியே நின்றன. உறுதியின் உறுதிப்பாடு என்பது இதுவே: தவறாக எழுதப்பட்டதும் எளிதில் அழியாது. இந்தோனேசியாவிலும் தனியார் வாணிகத்துக்கு நீருரிமை வழங்க இடமளித்த 2004ஆம் ஆண்டுச் சட்டத்தை 2015ஆம் ஆண்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் முழுவதும் நீக்கிவிட்டது.

டி சோத்தோ தம் கொள்கைக்கு வரலாற்றுச் சான்றாக அமெரிக்காவைக் காட்டுகிறார். அங்கே அனுமதியின்றிக் குடியேறியவரின் வழக்காறுகளைச் சட்டம் சிறிது சிறிதாய் ஏற்று, 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் முடிசூட்டிற்று என்பது அவர் வரலாறு. கலிபோர்ணியாப் பொற்சுரங்கத் தொழிலாளர் தமக்குள் வகுத்த விதிகளையும் அவர் வியந்து பேசுகிறார். அத்தொழிலாளரிடமிருந்தே, முந்தி எடுத்தவனுக்கே நீர் முந்துரிமை என்ற விதியும் பிறந்தது. 1855ஆம் ஆண்டில் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. அவ்விதியின் கீழ், பிந்தி வந்தவனுக்கு வறட்சியிற் பங்கில்லை. பெத்மவுக்கு நேர் எதிரான அவ்விதியை எடைபோட்டுப் பார்க்கும் அரிய வாய்ப்பை நூல் தவறவிட்டது. குடியேறியவன் உறுதி பெற்ற நிலம் அதற்குமுன் யாருடைய வேட்டைக்காடாக இருந்தது என்பதும் அவ்வரலாற்றில் மங்கிய ஓர் ஓரமாகவே நிற்கின்றது.

எழுத்திற் பதிதல் எல்லாக் காலத்திலும் எளியவனுக்கு அரணாய் அமைந்ததில்லை என்பதை அறிய இலங்கையர் கடல் கடக்க வேண்டுவதில்லை. பிரித்தானியர் 1840ஆம் ஆண்டில் இயற்றிய 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் மாறாகக் காட்டப்படும் வரை முடிக்குரியவை என்று அனுமானித்தது. கண்டிப் பகுதிகளிற் சேனை நிலத்துக்குச் சன்னசோ வரி செலுத்திய சான்றோ காட்ட வேண்டியதாயிற்று. தலைமுறை தலைமுறையாய் ஆண்டுவந்தவன் கையில் தாள் இல்லை. நேற்று வந்த தோட்டத் துரையின் கையில் இருந்தது. அக்காலத்து நாய்களும் குரைத்தே இருக்கும். பதிவேடு திறக்கும் நாள், வைத்திருப்பவன் உரிமை பெறும் நாள் மட்டுமன்று. எழுதத் தெரிந்தவனும் கச்சேரி வழி அறிந்தவனும் முந்திக்கொள்ளும் நாளும் அதுவே. இராசகாரியம் 1832ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டபின் குளங்களைப் பேணும் கட்டாயம் தளர்ந்ததையும், 1856ஆம் ஆண்டுப் பாசனக் கட்டளைச் சட்டத்தால் அதே ஆட்சியே பழைய வழக்காறுகளை மீட்டுயிர்ப்பிக்க முயன்றதையும் இதனோடு சேர்த்து நோக்கின், தாளை மட்டும் நம்பிய ஆட்சி எத்துணை விரைவில் நீரிடம் தோற்றது என்பது புலனாகும்.

இவ்வாறு கூறுதலால் வழக்காறெல்லாம் அறம் என்று கொள்ளுதல் பெரும் பிழையாகும். லான்சிங்கையும் ஒஸ்ட்ரோமையும் படித்துப் பரவசமடையும் சிலர் அப்பிழையில் எளிதில் விழுகின்றனர். யாழ்ப்பாணத்துக் கிணற்றை நினைத்தால் அம்மயக்கம் தெளியும். 'கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்' என உறுதிகளில் எழுதி, முறைவைத்துத் துலாமிதித்து, ஒரு துளியும் வீணாகாமற் பகிர்ந்த அதே சமுதாயம், ஒடுக்கப்பட்ட சாதியாரைக் கிணற்றுக் கட்டில் ஏறவிடாது தடுத்தது. பங்குடையவன் இரங்கி அள்ளி ஊற்றும்வரை அவர்கள் குடத்தோடு காத்துநின்றனர். பங்காளர் கூட்டம் எத்துணைச் செம்மையாய் நடந்தாலும் பங்கற்றவனுக்கு அதில் இடமில்லை. வழக்காற்றைப் பதிந்துகொள் என்று டி சோத்தோ கூறும்போது, இவ்விலக்கலையும் சேர்த்தா பதிவது என்று அவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பொது இடங்களில் அவ்விலக்கலைக் குற்றமாக்கியது வழக்காற்றுக்கு எதிராகவே. அச்சட்டம் ஏட்டளவில் நில்லாதிருக்க 1960களிற் பெரும் போராட்டங்கள் நிகழ வேண்டியிருந்தன. குளிர்ந்த நூலகத்திலிருந்து வழக்காற்றைப் புகழ்வோர், அப்போராட்டங்களில் அடிபட்டோரின் பக்கமிருந்தும் ஒருமுறை அதனை நோக்குதல் நன்று.

ஆகவே வினா, சட்டமா வழக்காறா என்பதன்று. எத்தகைய சட்டம் என்பதே. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின்கீழ், 'பிம் சவிய' என்னும் பெயரில் 2007ஆம் ஆண்டு முதல் இலங்கையிலும் காணித் துண்டுகள் அளந்து பதியப்படலாயின. பழைய நொத்தாரிசு உறுதி, இலக்கியச் சுவை அற்றதாயினும், நான்கு எல்லையையும் கூறியபின் கிணற்றையும் வழியையும் வாய்க்காலையும் மறவாது கூறிற்று. பிரிபடாப் பங்குகள் நிறைந்த ஒரு நாட்டிற் புதிய பதிவேடு துண்டின் எல்லையை அங்குலத்தளவில் துல்லியமாய்க் காட்டும்போது, துண்டுக்கு வெளியிலிருந்து வரும் உரிமைகளையும் அதே துல்லியத்தோடு ஏற்குமா என்பதே அதன் மதிப்பை அளக்கும் கோல்.

குடாநாட்டைப் பொறுத்தவரை இது வெறும் சட்ட நுணுக்கமன்று. அங்கே ஆறில்லை, சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரே குடிநீரும் கமத்து நீரும். துலாவின் காலத்தில் மனிதனின் காலும் கையும் களைப்புறுதலே நீரெடுப்புக்கு எல்லையிட்டது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஒருவன் தன் உறுதிக்கு உட்பட்ட கிணற்றில் இறைப்பது அயலான் உறுதிக்கு உட்பட்ட கிணற்றின் கீழிருந்த நீரை; வேலி மேலே நிற்கிறது, நீர் கீழே ஓடுகிறது. சுன்னாகத்து மின்நிலையத்தின் அயலில் வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது இது கண்கூடாயிற்று. அக்கிணறுகளுக்கு உறுதி இருந்தது, எல்லை இருந்தது, உரிமையாளன் இருந்தான். எனினும் 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது எந்தவொரு கிணற்றின் உறுதியையும் ஆதாரமாகக் கொண்டன்று. அது பொதுநலங் கருதித் தொடரப்பட்ட ஓர் அடிப்படை உரிமை வழக்கு. வழக்காளி அக்கிணற்று உரிமையாளருள் ஒருவரும் அல்லர்.